ராத்தல் குறைந்த நாட்கள்

என் அக்காள் மகள் பொன்னிக்கு உடம்பு வீங்கத் தொடங்கியபோது பருத்திப்பட்டில் எங்கள் தெருவே சந்தோஷப்பட்டது. அதுவரை கைகால் குச்சியாக இருந்த இரண்டு வயதுக் குழந்தைக்குக் கன்னம் உப்பியது, புறங்கால் உருண்டது. "பொண்ணு தேறிட்டா" என்று பார்த்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். கண்பட்டுவிடப் போகிறதென்று அக்காள் அவள் கன்னத்தில் மைப்பொட்டு வைத்தாள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். எட்டாவது தேறி, ஊர் ஆரம்பப் பள்ளியில் உதவி வாத்தியாராக இருக்கிறேன். நானும் அவள் தேறிவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.

இப்போது பொன்னி நன்றாக இருக்கிறாள். பூந்தமல்லிப் பக்கத்து மிஷன் ஆஸ்பத்திரியில் அவளை என்ன செய்தார்கள், ஊசி போட்டார்களா, மந்திரம் போல ஏதாவது ஜெபம் பண்ணினார்களா என்று ஏரிக்கரையிலும் கடையிலும் என்னை நிறுத்திக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு துண்டாகச் சொல்வதைவிட, பார்த்தது, கேட்டது, தப்பாகப் புரிந்துகொண்டது எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். தப்பாகப் புரிந்துகொண்டதற்காகத்தான் முக்கியமாக எழுதுகிறேன்.

அக்காள் அஞ்சலைக்கு அடுத்தது உண்டானதும், எல்லோரும் செய்வதுபோல மார்பில் வேப்பெண்ணெய் தடவிப் பொன்னிக்குப் பாலை மறக்கடித்தாள். தம்பி பிறந்தான். பொன்னிக்கு அரிசிக் கஞ்சித் தண்ணீர் மட்டும்தான். வீக்கம் காலில் இருந்து வயிற்றுக்கு ஏறி, இது தேறின சதை இல்லை என்று தெரிந்தபோது, "உள்ள வாயு கோத்துக்கினு கீது" என்றார்கள். பத்தியம் தொடங்கியது. பால் மந்தம், பருப்பு வாயு, முட்டை சூடு என்று எல்லாம் நின்றன. என் பங்குக்கு நான் ஆவடியில் ஓர் அரோரூட் மாவு டப்பா வாங்கிவந்தேன். குழந்தைகளுக்கும் நோயாளிகளுக்கும் உகந்தது என்று அதன்மேல் இங்கிலீஷில் போட்டிருந்ததை நான் எழுத்துக்கூட்டிப் படிக்க, வீடே சுற்றி நின்று கேட்டது. பதினைந்து நாள் அதைத்தான் கரைத்துக் கொடுத்தோம்.

தலைமயிர் செம்பட்டையாகி, வாரினால் சீப்போடு வந்தது. தொடையில் தோல் பழைய சுவரின் சுண்ணாம்பு மாதிரி ஏடு ஏடாக உரிந்தது. எனக்கு விசித்திரமாகப் பட்டது அவள் அழாததுதான். பசி என்று கேட்கமாட்டாள். ஈ வந்து கண்ணோரம் உட்கார்ந்தால் ஓட்டமாட்டாள். புறங்காலில் விரலால் அழுத்தினால் பிசைந்த மாவில் விழுவதுபோலக் குழி விழும். நான் எண்ணிப் பார்த்தேன். அது மேலே எழும்ப முப்பது எண்ண வேண்டியிருந்தது.

ஆஸ்பத்திரி என்றதும் அக்காள் புருஷன் ஏழுமலை மாமா குதித்தார். அவர் செங்கல் சூளையில் மண் மிதிக்கிறவர்.

"அங்க போனா புள்ளைக்குப் பேர மாத்தி, கழுத்துல சிலுவையப் போட்டு அனுப்புவாங்க மச்சான். அப்பால நம்ம சனத்துல எவன் கட்டுவான்?"

"பேர மாத்தினா மாத்திட்டுப் போறாங்கய்யா" என்றாள் அக்காள். "கூப்புட்டா திரும்பிப் பாக்கிறதுக்கு ஒரு புள்ள வேணுமில்ல எனக்கு?"

மாமா போய்ச் சூளை வண்டியில் மாட்டைப் பூட்டினார்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் எண் அடித்த தகரத்துண்டு ஒன்றைக் கையில் கொடுத்து உட்காரவைத்தார்கள். ஒரு பக்கம் யாரோ தமிழில் ஞானப்பாட்டு பாடிக்கொண்டிருந்தார்கள். எங்களைப் பாடச் சொல்லவில்லை. மாமா மட்டும் பாட்டு முடிகிற வரையில் பொன்னியின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டரம்மா வெள்ளைக்காரி. சீமையிலிருந்து வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறதாம். இப்படி மெலிந்தும் வீங்கியும் போன குழந்தைகளைப் பார்ப்பதுதான் அவருக்குப் பிரதான வேலை. அவர் தமிழ் பேசினால் அச்சுப் புத்தகம் வாய் திறந்த மாதிரி இருக்கும்.

"தாயே, குழந்தை நேற்று என்னென்ன உட்கொண்டாள்?"

அக்காள் என்னைப் பார்த்தாள். "இன்னாடா சொல்லுது இந்தம்மா?"

"நேத்து இன்னா துன்னாளாம்."

நான் முந்திக்கொண்டு அரோரூட்டைப் பற்றிச் சொன்னேன். பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் எழுதிக்கொண்டு, "அதில் மாவு மட்டுமே இருக்கிறது ஐயா. வயிறு நிறையும், உடம்பு வளராது" என்றார். பால், பருப்பு, கடலை, முட்டை, மீன் இவற்றில் உடம்பைக் கட்டுகிற சத்து இருக்கிறதாம். அது பல மாதம் கிடைக்காத குழந்தைக்கு இப்படி ஆகுமாம். நாங்கள் எதையெல்லாம் பத்தியம் என்று நிறுத்தினோமோ, அந்தப் பட்டியலையே அவர் மருந்தாகச் சொன்னார்.

பிறகு சோதனைகள். விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தார்கள். அதன் சிவப்பு எவ்வளவு வெளிறியிருக்கிறது என்று பார்ப்பதற்கு. மலத்தைக் கண்ணாடிச் சில்லில் தடவி, பூதக்கண்ணாடிக் குழாயின் கீழ் வைத்தார்கள். நானும் பார்க்கலாமா என்று கேட்டுவிட்டேன். டாக்டரம்மா நகர்ந்து இடம் கொடுத்தார். பழுப்பாக, முரடான ஓட்டோடு, எலுமிச்சம்பழம் போல ஒன்று தெரிந்தது. வயிற்றுப் பூச்சியின் முட்டையாம். காரணம் பிடிபட்டது என்று நான் பூரித்துப்போனேன்.

"அதற்கும் மருந்து கொடுப்போம். ஆனால் வீக்கம் அதனால் வரவில்லை" என்றார். "உங்கள் ஊரில் இந்த நோய்க்கு என்ன பெயர்?"

வாயு என்பதைத் தவிர எனக்கு வேறு பெயர் தெரியாது. நர்ஸ் எஸ்தரம்மா பாளையங்கோட்டைப் பக்கத்துக்காரர். அவர்தான் சொன்னார்: "அடுத்த பிள்ளை வந்ததும் முந்தின பிள்ளை இப்படி நோஞ்சானாப் போனா சவலைன்னு சொல்லுவோம் டாக்டரம்மா."

டாக்டரம்மா அதைத் தமிழ் எழுத்திலேயே குறித்துக்கொண்டார். தம் புத்தகங்களில் இதற்கு என்ன பெயர் வைப்பது என்று வைத்தியர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள் என்றார். கிணற்றடியில் தெற்கத்திப் பெண்கள் சாதாரணமாகச் சொல்கிற ஒன்றுக்கு சீமைப் புத்தகத்தில் பெயர் நிச்சயமாகவில்லை என்பது எனக்கு ரொம்ப நாள் யோசிக்கக் கிடைத்த விஷயம்.

அக்காளும் கைக்குழந்தையும் பொன்னியோடு தங்கினார்கள். எனக்குப் பள்ளி விடுமுறையாதலால் நானும் தங்கினேன். நீளத் தாழ்வாரத்தில் பன்னிரண்டு கட்டில். அங்கே ஒரு வழக்கம் உண்டு. நர்ஸ்மார் ஊட்டமாட்டார்கள், தாய்தான் ஊட்டவேண்டும். காரணம் கேட்டதற்கு எஸ்தரம்மா சொன்னார்: "நாங்க தேத்தி அனுப்பினா, வீட்டுக்குப் போயி நீங்க பழையபடி கஞ்சித்தண்ணிதான் ஊத்துவீங்க. உங்க கையே பழகட்டும். அதுக்குத்தான் சொல்லுதேன்."

ஆடை எடுத்த பாலில் கொஞ்சம் சர்க்கரையும் பொட்டுக்கடலை மாவும் கரைத்து, மணி அடிக்க அடிக்க, இரண்டு மணிக்கு ஒரு தரம் கரண்டியால் ஊட்டவேண்டும். பொன்னி வாயைத் திறக்கமாட்டாள். திறந்தாலும் விழுங்கமாட்டாள். ஒரு கிண்ணம் காலியாக அரைமணி நேரம் ஆகும், அடுத்த மணி வந்துவிடும். மாமா மூன்று நாளுக்கு ஒரு தரம் பருத்திப்பட்டில் இருந்து நடந்துவருவார். தலைத்துண்டில் ஆறு முட்டை முடிந்துகொண்டு வருவார். இரண்டு உடைந்திருக்கும். அந்தத் துண்டோடேயே திரும்ப நடந்துபோவார்.

பக்கத்துக் கட்டிலில் வானகரத்து ரஞ்சிதம். அவள் மகன் மணிக்கு மூன்று வயது. பொன்னியைப் போலவே வீக்கம். வந்த அன்றே ரஞ்சிதம் அக்காளிடம் விசாரித்தாள்.

"யாரு, உன் தம்பியா? ஆம்பள ஆளு பகல்ல இங்க குந்திகினு கீறாரே, வேலவெட்டி ஒண்ணியும் இல்லியா?"

"வாத்தியாரு."

"அதான் பாத்தேன்."

காலையில் குழந்தைகளைத் துணித்தொட்டிலில் போட்டு, உத்தரத்தில் தொங்கும் தராசில் மாட்டி எடை பார்ப்பார்கள். எத்தனை ராத்தல் என்று ஓர் அட்டையில் எழுதிக் கட்டில் தலைமாட்டில் கட்டித் தொங்கவிடுவார்கள். அங்கே இருந்த தாய்மார்களில் ஒருத்திக்கும் எழுத்துத் தெரியாது. ரஞ்சிதம்தான் முதலில் கேட்டாள்: "நைனா, என் புள்ளைக்கி இன்னா போட்டுகீறாங்க, கொஞ்சம் படி." படித்தேன். பிறகு எதிர்க்கட்டில், கோடிக்கட்டில் எல்லோரும் கூப்பிட்டார்கள். தினமும் காலையில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கட்டில் கட்டிலாகப் போய்ப் படித்துச் சொன்னேன். அது எனக்குப் பிடித்திருந்தது என்பதை மறைக்கவில்லை.

பொன்னி முதல்நாள் பதினெட்டு ராத்தல். மறுநாள் பதினேழே முக்கால். அடுத்து பதினேழே கால். ஐந்தாம் நாள் பதினாறரை. பால் கொடுக்கிறார்கள், கடலை கொடுக்கிறார்கள், குழந்தை இறங்குகிறாள். மணியும் இருபத்திரண்டில் இருந்து அதேபோல் இறங்கிக்கொண்டிருந்தான். மூன்றாம் நாள் கோடிக்கட்டில் குழந்தை இறந்துபோயிருந்தது. வந்தபோதே மூச்சு இழுத்துக்கொண்டிருந்த குழந்தை. ஆனால் அதன் அட்டையிலும் எண்கள் இறங்கியிருந்ததை நான் படித்திருந்தேன்.

ராத்தலுக்குப் பக்கத்தில் இன்னொரு வரிசை. தலைப்பு டாக்டரம்மாவின் கிறுக்கெழுத்தில் எனக்குப் பிடிபடவில்லை. அதன் கீழே சிறுசிறு குறிகள்.

"மொத நாளு நாலு சிலுவ போட்டாங்க நைனா. இப்ப ரெண்டுதான் கீது" என்றாள் ரஞ்சிதம்.

கூட்டல் குறி என்று சொல்ல வாயெடுத்தேன். கூட்டுவதற்கு என்ன இருக்கிறது? எல்லாம் கழிந்துகொண்டல்லவா போகிறது? "ஜெபக் கணக்கா இருக்குமோ" என்றேன்.

"அப்ப சாமிக்கே சலிச்சுப் போச்சா?"

ஏழாம் நாள் பொன்னி பதினைந்தரை. முகம் வற்றி, விலா எலும்பு ஒவ்வொன்றும் தெரிந்தது. டாக்டரம்மா கிராமங்களுக்குப் போயிருந்தார். எஸ்தரம்மா புதிதாக வந்த இரண்டு குழந்தைகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அக்காள் என் கையைப் பிடித்தாள்.

"நெசத்தச் சொல்லுடா. ஏறிச்சா, எறங்கிச்சா?"

"எறங்கிடுச்சி. ரெண்டரை ராத்தல்."

ரஞ்சிதம் திரும்பினாள். "என் புள்ள?"

"அவனும்தான். இருபத்திரண்டு, இப்ப பத்தொம்பதரை."

எஸ்தரம்மா சாப்பிடப் போன நேரத்தில் ரஞ்சிதம் சட்டியை எடுத்துக்கொண்டு, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போய்விட்டாள். "சொல்லாமக்கூட போயிட்டாளே, அந்தப் பிள்ளை என்னத்துக்கு ஆகும்?" என்று எஸ்தரம்மா புலம்பியபோது நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்காளும் மூட்டை கட்டிவிட்டாள். ஒன்பதாம் நாள் மாமா முட்டையோடு வருவார், அவரோடு கிளம்பிவிடுவது என்று முடிவு செய்தோம். அந்த இரண்டு நாளும் மணி அடித்தால் அக்காள் பழக்கத்தில் ஊட்டினாள், அவ்வளவுதான்.

மாமாவுக்கு முன்னால் டாக்டரம்மா வந்துவிட்டார். கட்டிலின் மேல் இருந்த மூட்டையைப் பார்த்தார். நான் அட்டையை எடுத்து நீட்டி, இறங்குகிறதே என்றேன். அவர் பொன்னியின் காலைத் தூக்கி என் பக்கம் நீட்டினார்.

"அழுத்துங்கள்."

அழுத்தினேன். விரலை எடுத்தேன். குழி இல்லை.

"வீக்கம் எங்கே போயிற்று?"

"வாயு கலைஞ்சிருக்கும்."

"வாயு அல்ல ஐயா, தண்ணீர். சத்துக் குறைந்த ரத்தத்தால் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ள முடியாது. அது கசிந்து தோலுக்கடியில் தேங்கும். நீங்கள் கொண்டுவந்தது பதினெட்டு ராத்தல் குழந்தை அல்ல. பதினைந்து ராத்தல் குழந்தையும் மூன்று ராத்தல் தண்ணீரும். ஒரு குடம் தண்ணீருக்கு எடை இல்லையா?"

அக்காளுக்கு இந்த முறை நான் பெயர்த்துச் சொல்லவேண்டியிருக்கவில்லை. "அதான் ஒரு நாளைக்கிப் பத்துத் துணி தொவைக்கிறேனா!" என்றாள். "இன்னாடா இது, குடிக்கிறது ஒரு கிண்ணம், மூத்திரம் பேயறது ஒரு குடம்னு நானே நெனச்சேன்."

சிலுவை வரிசையும் வீக்கத்தின் அளவுதானாம். முகம்வரை வீங்கியிருந்தால் நான்கு குறி, காலில் மட்டும் என்றால் ஒன்று. ஏழு நாளாக அந்த அட்டை பிள்ளை தேறுகிறாள் என்று சொல்லிக்கொண்டிருந்தது. நான் ஒவ்வோர் எண்ணையும் பிசகாமல் படித்து, செத்துக்கொண்டிருக்கிறாள் என்று அர்த்தம் சொல்லியிருக்கிறேன்.

டாக்டரம்மா பக்கத்துக் கட்டிலைப் பார்த்தார். "மணி எங்கே?"

சொன்னேன். நான் படித்துச் சொன்னதைக் கேட்டுத்தான் போனாள் என்பதையும் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நான் போனால் வெள்ளைக்காரி பிள்ளை பிடிக்க வந்தாள் என்பார்கள். நீங்கள்தான் போகவேண்டும். தாமதிக்கக் கூடாது" என்றார்.

அப்போதே நடந்தேன். பூந்தமல்லியில் இருந்து வானகரம் வெகு தூரமில்லை. ஆனால் அன்றைக்குச் சாலை முடிகிறதாகவே இல்லை. ரஞ்சிதத்தின் வீட்டில் அவள் மாமியார் மணியை மடியில் வைத்திருந்தாள். கருவாட்டுக் குழம்பில் தெளிவை மட்டும் ஊற்றின கஞ்சியைக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"பாரு தம்பி, அங்க உருகிப்போன புள்ள ரெண்டு நாள்ல எப்பிடி புசுபுசுன்னு ஆயிடுச்சி!"

மணியின் கண் இமை கனத்துக் கிடந்தது. நான் தண்ணீர் விஷயத்தைச் சொன்னேன். ரஞ்சிதம் வாசற்படியில் நின்று கேட்டாள்.

"கொறஞ்சிடுச்சின்னு படிச்சவன் நீதானே?"

"படிச்சது சரிக்கா. அர்த்தம் பண்ணிக்கினதுதான் தப்பு."

"அப்ப இன்னிக்கி பண்ணிக்கினது மட்டும் ரைட்டா? எத்த வெச்சி நம்பச் சொல்ற?"

எடுத்துக்காட்ட என் கையில் அட்டைகூட இல்லை. சொன்னேன்: "என்ன நம்பாத. அங்க ஆறாம் நாளு மணி உன் மயிரப் புடிச்சி இழுத்தான். வலிக்கிதுன்னு நீ கத்தினே, எல்லாரும் சிரிச்சோம். இங்க வந்ததுக்கு அப்பால இழுத்தானா? அத்த மட்டும் பாரு."

ரஞ்சிதம் மணியின் கையைப் பார்த்தாள். மாமியார்தான், "வாத்தியாருக்கு மோர் குடுத்து அனுப்பு" என்றாள்.

தனியாகத் திரும்பிவந்தேன். அதற்குப் பிறகு வந்த மூன்று நாளும் ஆஸ்பத்திரி கேட்டைப் பார்த்தபடியே இருந்தேன். பொன்னிக்கோ பசி திரும்பிக்கொண்டிருந்தது. பதினொன்றாம் நாள் அக்காள் கிண்ணத்தைக் கீழே வைத்தபோது அவள் கையை ஓங்கிக் கரண்டியைத் தட்டி, "இன்னும்" என்று கத்தினாள். அக்காள் அழுதாள். டாக்டரம்மா அட்டையில் எடைக்குப் பக்கத்தில் ஏதோ எழுதினார். இந்த முறை வெட்கப்படாமல் என்னவென்று கேட்டேன். 'கோபப்படுகிறாள்' என்று எழுதியிருக்கிறாராம். இந்த நோயில் அதைவிட நல்ல குறி கிடையாதாம். பதினைந்தில் நின்றிருந்த எடை மறுநாள் பதினைந்தே கால். இந்தக் கால் ராத்தல் சதை.

அன்று காலையில்தான் கேட்டுக்குள் ரஞ்சிதம் வந்தாள். தோளில் மணி. தராசில் மாட்டினார்கள். எஸ்தரம்மா வாய்விட்டுச் சொன்னார்: "இருபத்திரண்டரை." பக்கத்தில் நின்ற இரண்டு பெண்கள், "மூணு ராத்தல் ஏறிட்டானே, மவராசி!" என்று அவள் தோளைத் தட்டினார்கள். ரஞ்சிதம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அத்தினியும் தண்ணியா நைனா?" என்றாள்.

"ஆமாக்கா."

"இழுக்கல. மயிர எடுத்து நானே அவன் கையில குடுத்துப் பாத்தேன். புடிக்கவேயில்ல."

மணி பிழைத்தான். ஒன்றரை மாதம் கழித்துத் தன் காலால் நடந்து கேட்டைத் தாண்டினான் என்று எஸ்தரம்மா பிறகு சொல்லி அனுப்பினார். நான் கூட இருந்து பார்த்தது அவன் திரும்பிவந்த ஐந்தாம் நாள் காலையை. அதற்கு மறுநாள் பொன்னியை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அன்று எடை பார்த்து அட்டையைக் கட்டியதும் ரஞ்சிதம் என்னைக் கூப்பிட்டாள். தாழ்வாரமே காதைத் தீட்டிக்கொண்டு இருந்தது.

"படி."

"இருபது. ரெண்டரை குறைஞ்சிருக்கு."

ரஞ்சிதம் கையைத் தட்டினாள். அக்காள் சிரித்தாள். எதிர்க்கட்டில்காரி, "எங்களுது எப்பக் கொறையும்?" என்று பொறாமையாகக் கேட்டாள். முந்தின நாள்தான் கோவில்பதாகையில் இருந்து வந்திருந்த ஒருத்தி, உப்பிப்போன பெண்குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

"இன்னா ஜனங்க நீங்க! புள்ள கொறஞ்சிகினு போவுது, சிரிக்கிறீங்களே! நான் எங்க ஊருக்கே போறேன்."

அவள் பதறி என்னைப் பார்த்தாள். நான் ரஞ்சிதத்தைப் பார்த்தேன். ரஞ்சிதம் எழுந்து போய் அவள் தோளை அழுத்தி உட்காரவைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"போவலாம், போவலாம். மொதல்ல இத்த சொல்லு. நேத்து எத்தினி துணி தொவைச்ச?"